அலிபாக் கடற்கரைக்குப் போகிறீர்களா? முதலில் காலண்டரில் திதியைப் பாருங்கள்!

கோட்டைக்கும் கரைக்கும் நடுவே, இடுப்பளவுத் தண்ணீரில் அந்தக் குடும்பம் திகைத்து நின்றது.

இரண்டரை மணி நேரத்துக்கு முன்புதான் அதே வழியாக நடந்து போனார்கள். அப்போது கணுக்கால் மட்டுமே நனைந்தது. இப்போது 7 வயது மகள் அப்பாவின் தோளில். 10 வயது மகன் மாமாவின் முதுகில். புடவையைச் சுருட்டிப் பிடித்தபடி நடுவில் தாய். ஒவ்வொரு அலைக்கும் காலடி மணல் கரைந்தது.

மும்பை ஆன்டாப் ஹில்லில் குடியிருக்கும் குடும்பம் அது. சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கணவர் தனியார் கம்பெனியில் குமாஸ்தா. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக ரெயிலில் இடம் கிடைக்கவில்லை. அதனால் ஊரில் இருந்த ஆச்சியை மும்பைக்கு வரவழைத்து, பிள்ளைகளின் ஆசைக்காக இரண்டு நாள் அலிபாக் கடற்கரைக்கு வந்திருந்தார்கள்.

கடல் நடுவே தெரியும் கொலாபா கோட்டையைப் பார்க்காமல் வர முடியுமா? எல்லோரும் நடந்து போனார்கள். இவர்களும் போனார்கள். உள்ளே கணபதி கோவில், உப்புக் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு. பிள்ளைகள் மதில் மேல் ஏறி விளையாடின.

"அத்தான், இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம். வெயில் தாழட்டும்" என்றார் மைத்துனர்.

"சரி மாப்ளே, பிள்ளைகளும் ஆசைப்படுது" என்றார் குமாஸ்தா.

கரையில் சவுக்கு நிழலில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். எல்லோருடைய செருப்புகளும் பைகளும் அவர் காவலில். தண்ணீர் செருப்பைத் தொட்டது. எடுத்து மேலே வைத்தார். சற்று நேரத்தில் மறுபடியும் தொட்டது. இன்னும் மேலே வைத்தார். மூன்றாம் முறை தொட்டபோது ஆச்சி எழுந்து நின்று கடலைப் பார்த்தார்.

போனவர்கள் நடந்த பாதை அங்கே இல்லை!

அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பக்கத்தில் நின்ற குதிரை வண்டிக்காரரிடம் ஓடினார். கையை நீட்டிக் கோட்டையைக் காட்டினார். வண்டிக்காரருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. "பர்தி!" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார். குழந்தைகளையும் தாயையும் வண்டியில் ஏற்றி, ஆண்கள் இருவரையும் வண்டியின் பின் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கரை சேர்த்தார்.

கரை ஏறியதும் ஆச்சி கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம ஊர்க் கடல் இப்படிப் போயிட்டு இப்படி வராதே. இது என்ன கடல்?"

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

நம் கடல் வேறு, இது வேறு

திருச்செந்தூரிலும் மெரினாவிலும் குளித்துப் பழகியவர்களுக்குக் கடல் என்றால் அலைதான் நினைவுக்கு வரும். கடல் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் அங்கே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. சென்னையில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின்தான்.

மும்பை, அலிபாக் கரையில் கதை வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் 4 மீட்டருக்கு மேல் போகிறது. அதாவது இரண்டு ஆள் உயரத்துக்கும் அதிகம்! மேற்கே கடலடி வெகு தூரம் வரை ஆழம் குறைந்து கிடப்பதால், உள்ளே வரும் நீர் குவிந்து உயர்கிறது.

கரை சரிவாக இருந்தால் இந்த உயரம் சில அடிகளில் தீர்ந்துவிடும். ஆனால் அலிபாக், அக்ஷி, நாகாவ் கரைகள் தட்டையானவை. அங்கே தண்ணீர் வற்றினால் பல நூறு அடி மணல் வெளியே தெரியும். ஏறும்போது அத்தனை மணலும் மறையும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வற்றம் முடிந்த முதல் ஒரு மணி நேரம் கடல் மிக மெதுவாக ஏறும். பார்ப்பவருக்கு அது நிற்பது போலவே இருக்கும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் வேகம் பிடிக்கும். ஆறு மணி நேரத்தில் ஏற வேண்டிய நீரில் பாதி, நடுவில் உள்ள இந்த இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. முதல் மணியைப் பார்த்து ஏமாந்தவர்கள்தான் மூன்றாவது மணியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதோடு, தண்ணீர் எப்போதும் முன்னால் இருந்தே வரும் என்று நினைப்பதும் தவறு. மணல் வெளியில் பள்ளங்கள் உண்டு. முதலில் நிறைவது அவைதான். ஒருவர் மேட்டில் நின்று கடலை வேடிக்கை பார்க்கும்போதே, அவருக்குப் பின்னால் கரைக்குப் போகும் வழி நிறைந்துவிடும்.

முக்கால் கணக்கு

மராத்தியில் ஏற்றத்துக்கு 'பர்தி' என்றும் வற்றத்துக்கு 'ஓஹோட்டி' என்றும் பெயர். கொங்கணக் கரை மக்கள் இதற்குக் கடிகாரமும் அட்டவணையும் பார்ப்பதில்லை. திதியைப் பார்க்கிறார்கள். திதி எண்ணை முக்காலால் பெருக்கினால், கடல் நிறைந்து நிற்கும் மணி வந்துவிடும்!

தாராவியானாலும் டோம்பிவிலியானாலும் தமிழர் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் திதி இருக்கிறது. கணக்கு இதுதான்:

சதுர்த்தி என்றால் 4. அதில் முக்கால் பங்கு 3. அன்று சுமார் 3 மணிக்குக் கடல் நிறைந்திருக்கும். அஷ்டமி என்றால் 8. முக்கால் பங்கு 6. அன்று 6 மணிக்கு ஏற்றம். ஏகாதசி என்றால் எட்டே கால். வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் கணக்கு ஒன்றே. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏறக்குறைய பகல் 12 மணியை ஒட்டி ஏற்றம் இருக்கும்.

ஒரு நாளில் ஏற்றம் இரண்டு முறை, வற்றம் இரண்டு முறை. ஏற்றத்தில் இருந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமானால் வற்றம். மறுநாள் எல்லாமே சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும்.

அந்தக் குடும்பம் கோட்டைக்குப் போனது துவாதசி அன்று. 12-ல் முக்கால் பங்கு 9. இரவு 9 மணிக்கு ஏற்றம் என்றால் பிற்பகல் 3 மணியை ஒட்டி வற்றம். இரண்டரை மணிக்குப் போனது சரி. ஐந்து மணி வரை உள்ளே இருந்ததுதான் தவறு.

இது கைக்கணக்கு. அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆகும். காற்று அடித்தால் இன்னும் மாறும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் வற்றாது. கோட்டைக்கு நடந்து போகும் வழி முழுவதும் திறக்காமலும் போகலாம். எனவே அன்றைய நேரத்தைச் செல்போனிலோ உள்ளூர் மீனவரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். "பர்தி கதீ?" என்று கேட்டால் போதும். சொல்லாதவர் இல்லை.

கோட்டைக்குப் போகிறவர்கள் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு புறப்பட்டு, வற்றம் முடிந்த அரை மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது.

போவது எப்படி?

அலிபாக்குக்குப் பயணிகள் ரெயில் கிடையாது. பென் நிலையத்தில் இருந்து தல் உரத் தொழிற்சாலை வரை பாதை உண்டு. அதில் ஓடுவது சரக்கு வண்டிதான்.

கடல் வழிதான் சுகமானது. சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் இறங்கிக் கேட்வே ஆப் இந்தியா சென்றால் மாண்ட்வாவுக்கு விசைப்படகு கிடைக்கும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். மாண்ட்வாவில் இருந்து அலிபாக் வரை பஸ் கட்டணமும் பெரும்பாலும் அந்தப் படகு டிக்கெட்டிலேயே அடங்கும்; வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் 2020-ம் ஆண்டில் இருந்து பாவ்சா தக்காவில் புறப்படுகிறது.

படகில் ஏறியதும் உயிர் காக்கும் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கூச்சம் வேண்டாம். 2024 டிசம்பர் 18-ந் தேதி மும்பை துறைமுகப் பகுதியில் எலிபண்டா சென்ற பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி, 10-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை மும்பை மறக்கவில்லை.

கடல் வேண்டாம் என்பவர்கள் பன்வெல் வழியாக ரெயிலில் பென் வரை வந்து, அங்கிருந்து எஸ்.டி. பஸ்சில் சுமார் 30 கிலோ மீட்டர் போகலாம். கல்யாண், டோம்பிவிலி பக்கத்தினருக்கு திவா-ரோகா வண்டி வசதியானது.

எந்தக் கரை யாருக்கு?

அலிபாக் கரை ஊரை ஒட்டியது. மணல் கறுத்து இறுகியிருக்கும். கோட்டையும் கூட்டமும் இங்கேதான். வேடிக்கை பார்க்க நல்லது. குளிக்க அவ்வளவு சுகமில்லை. மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்று கொலாபாவில் இருந்த காந்த ஆய்வுக்கூடத்தை 1904-ம் ஆண்டில் இந்த ஊருக்கு மாற்றினார்கள். மின்சாரத்தின் தொந்தரவு இல்லாத அமைதியான ஊர் என்று அப்போதே பெயர்!

அக்ஷி சுமார் 5 கிலோ மீட்டர். சவுக்குத் தோப்பும் மீனவர் குடியிருப்புமாக அமைதியான கரை. கூட்டம் குறைவு. சிறு குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாட ஏற்றது.

நாகாவ் அதை அடுத்து வருகிறது. நீளமான, தட்டையான மணல் கரை. பாக்குத் தோப்புகளும் தென்னந்தோப்புகளும் ஊர் முழுவதும். படகு விளையாட்டுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். தங்க இடம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் நடக்கும் தூரத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே தோதானது.

ரேவ்தண்டாவில் போர்ச்சுகீசியர் கோட்டை இருக்கிறது. ஆனால் குண்டலிகா ஆறு கடலில் கலக்கும் இடம் இது. ஆற்று முகத்தில் நீரோட்டம் வலுவானது. அங்கே யாரும் குளிக்க இறங்கக் கூடாது.

வடக்கே கிஹீம். பறவை அறிஞர் சாலிம் அலி 1930-ம் ஆண்டில் இங்கே தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். மரங்கள் அடர்ந்த ஊர்.

தெற்கே 30 கிலோ மீட்டரில் காஷித். வெண்மணல் என்று எல்லோரும் தேடிப் போகும் கரை. அழகில் இதற்கு முதலிடம். ஆனால் அலையும் இழுப்பும் மற்றக் கரைகளை விட அதிகம். பிள்ளைகளுடன் போகிறவர்கள் இங்கே காலை மட்டும் நனைத்துவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

காஷித்துக்கும் தெற்கே முருட். 2016 பிப்ரவரி 1-ந் தேதி, புனேயில் இருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவ மாணவியரில் 14 பேரை அந்தக் கடல் கொண்டுபோயிற்று. அது மழைக்காலம் அல்ல. புயல் நாளும் அல்ல. வெயில் அடித்த சாதாரண நாள்.

கடல் இழுத்தால்

வற்றத்தின்போது நீர் கரையில் இருந்து வெளியே ஓடுகிறது. காலை இழுப்பது அதுதான். வற்றத்தில் கழுத்தளவுக்கு இறங்காதே என்பது மீனவர்களின் சொல். குளிக்க விரும்புகிறவர்கள் ஏற்றத்தின்போது, முழங்கால் அளவோடு, கரை ஓரமாகக் குளிக்கலாம்.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை இல்லாமல் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், "இங்கே பயமில்லை" என்று இறங்கிவிடக் கூடாது. நீர் வெளியே ஓடும் வாய்க்கால் அதுவாக இருக்கலாம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பில் இருந்து விடுபடலாம். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதும் ஆபத்து. கயிறு, காலி பிளாஸ்டிக் குடம், புடவை, எது கிடைத்தாலும் வீசுங்கள். படகுக்காரரை அழையுங்கள். அவசர உதவிக்கு 112. கடலோரக் காவல் படைக்கு 1554.

மது அருந்தியவர் கடலில் இறங்கவே கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

விளையாட்டுப் படகுகள்

வாழைப்பழம் போன்ற ரப்பர் மிதவையில் வரிசையாக உட்கார வைத்து மோட்டார் படகு இழுத்துப் போகும். அதுதான் பனானா ரைடு. தண்ணீர் ஸ்கூட்டர் போல ஓடுவது ஜெட் ஸ்கீ. குடையில் தொங்கவிட்டுப் பறக்க வைப்பது பாராசெயிலிங். பிள்ளைகள் கேட்டுவிட்டால் பெற்றோரால் மறுக்க முடிவதில்லை. மறுக்கவும் வேண்டாம். ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, மகாராஷ்டிர கடல்சார் வாரியத்தின் அனுமதி உள்ளவரா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இரண்டாவது, மிதவைச் சட்டை பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும். பூட்டி முடித்ததும் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரியது. தண்ணீரில் பிள்ளை நழுவிவிடும். எல்லாக் கொக்கியும் மாட்ட வேண்டும்.

மூன்றாவது, பனானா ரைடில் கடைசியில் வேண்டுமென்றே கவிழ்த்து வேடிக்கை காட்டுவார்கள். சிறுவர்கள் ஏறினால் கவிழ்க்கக் கூடாது என்று முன்கூட்டியே படகோட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது, கூலியை ஏறும் முன்பே பேசுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை பேர், எத்தனை சுற்று என்று தெளிவாகக் கேளுங்கள். இறங்கிய பிறகு பேசினால் தகராறுதான்.

ஐந்தாவது, படகு ஓடும் இடத்தில் குளிக்காதீர்கள். மணலில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டியும் குதிரை வண்டியும் வரும் வழியில் குழந்தைகளை விடாதீர்கள்.

தங்க இடம்

நாகாவ், அக்ஷி தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு பலகை தெரியும். 'கர்குத்தி' தங்கும் வசதி, சாப்பாட்டு வசதி என்று மராத்தியில் எழுதியிருக்கும். தோப்புக்குள் வீட்டுக்காரர் கட்டி வாடகைக்கு விடும் அறைகள் இவை. பெரிய ஓட்டல்களை விடக் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. சனி, ஞாயிறுகளில் வாடகை ஏறும். வேலை நாட்களில் குறையும். லீவு கிடைப்பவர்கள் திங்கள், செவ்வாயில் போனால் செலவு மிச்சம், கூட்டமும் இல்லை.

முன்பணம் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வாடகை அறைக்கா, ஆளுக்கா? சாப்பாடு அதில் சேர்த்தியா? தோப்புக் கிணற்றுக்குச் சுவர் உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சிறு பிள்ளை இருப்பவர்கள் அதை முதலில் கேட்க வேண்டும்.

சாப்பாடு நம் நாக்குக்கு அந்நியமல்ல. தேங்காய் அரைத்த மீன் குழம்பு, சோறு, பொரித்த மீன், கோகமும் தேங்காய்ப் பாலும் கலந்த சோல் கடி. சைவம் வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்பும்போது மாலை போல் கோத்து விற்கும் அலிபாக் வெள்ளை வெங்காயம் கிடைக்கும் பருவமானால் வாங்கி வரலாம். புவிசார் குறியீடு பெற்ற வெங்காயம் அது. காரம் குறைவு, இனிப்பு அதிகம்.

மழைக்காலத்தில் வேண்டாம்

ஜூன் முதல் ஆகஸ்டு வரை இந்தக் கடல் யாருக்கும் நண்பன் அல்ல. மாண்ட்வா விசைப்படகுகள் நின்றுவிடும். விளையாட்டுப் படகுகளும் ஓடாது. கடலையே நம்பிப் பிழைக்கும் கோளி மீனவர்களே அந்த நாட்களில் வலையைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். நாரளி பௌர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்கிய பிறகே படகைத் தள்ளுகிறார்கள். நம் ஊரில் ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியை ஒட்டிய திருநாள் அது. கடலோடு பிறந்தவர்களே காத்திருக்கும்போது, இரண்டு நாள் விடுமுறைக்கு வந்தவர்களுக்கு என்ன அவசரம்?

மறுநாள் காலை

அந்தக் குடும்பம் அன்று இரவு நாகாவில் தங்கியது. யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கார அம்மாள் விஷயத்தைக் கேட்டறிந்து, முக்கால் கணக்கைக் கை விரலில் எண்ணிக் காட்டினார். குமாஸ்தா அதை ஆச்சிக்குத் தமிழில் சொன்னார்.

மறுநாள் காலை பிள்ளைகள் கடலுக்குப் போகவே பயந்தன. ஆச்சிதான் கைப்பிடித்து அழைத்துப் போனார்.

"இன்னைக்கு என்ன திதிலே?" என்று பேரனிடம் கேட்டார்.

"திரயோதசி ஆச்சி."

"பதிமூணு. முக்கால் பங்கு எவ்வளவு?"

பையன் மணலில் விரலால் கணக்குப் போட்டான். ஒன்பதே முக்கால்.

அப்போது மணி ஏழரை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஆச்சி மணலில் ஒரு குச்சியை நட்டார். "தண்ணி இந்தக் குச்சியைத் தொட்டா எல்லாரும் கரை ஏறணும்" என்றார். அதன் பிறகு பேத்தியோடு சேர்ந்து அவரும் காலை நனைத்தார்.

குச்சியைத் தண்ணீர் தொட்டதும், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் இரண்டும் கரை ஏறிவிட்டன.